மூன்றரை அடி உயரத்துக்கு ஒரு பம்ப்

குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்கிறவர் அவர். விரித்துப் பார்ப்பது அவருக்குப் போதாது. துணியின் மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அடியில் தன் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்பார். கை நனைந்தால் குடையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மாத்தளைக் கடைத்தெருவில் ஒருநாள் அப்படி ஐந்து குடைகளை நனைத்தார். ஆறாவதை வாங்கினார். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அவரை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்து முறைத்தார்.

அவருக்குத் தலைக்கனம் என்று சொன்னவர்கள் பலர். ஒரு சாமானை நம்பி வாங்கத் தெரியாத பொம்பிளை, வாய்க்காரி, ஒண்டியாய் இருந்து பழகியதால் வந்த திமிர் என்றெல்லாம் என் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். நாற்பத்தொரு வருடம் நான் இந்த மாவட்டத்தில் இருக்கிறேன். அவரை ஏமாற்றிய கடைக்காரர் ஒருவரையும் நான் காணவில்லை. என்னை ஏமாற்றியவர்கள் ஒன்பது பேர். பட்டியல் வைத்திருக்கிறேன்.

அவர் என் வளவுக்கு வந்த விதமும் அப்படித்தான். பல்லேபொலப் பக்கம், பிரதான வீதியிலிருந்து இருநூற்றுப் பத்து அடி உள்ளே என் வீடு. மனைவி போன பிறகு தனியாள். வளவின் கிழக்கு மூலையில் ஒரு வேன் நிறுத்த இடம் வாடகைக்குக் கேட்டு வந்தார். ஐம்பத்தொரு வயது, கட்டையான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கையில் சாவிக்கொத்து. இடம் பிடித்திருந்தது. தண்ணீர் எப்படி என்று கேட்டார். நாள் முழுக்க வரும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றார். பதினொரு நிமிடம் நின்றார். என் தண்ணீர் வீணாகிறதே என்று எனக்குப் பதற்றம். ஏன் பிள்ளை இப்படி என்று கேட்டேன்.

"வரும்னு நீங்க சொன்னீங்க சேர். வருதான்னு நான் பாத்தேன்," என்றார். குழாயை மூடிவிட்டு, நாளைக்கு வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று போனார்.

வேனுக்கு வயது இருபத்தேழு. வெளியே பார்த்தால் மரக்கறி ஏற்றும் வண்டி போல இருக்கும். பின்கதவைத் திறந்தால் வேறு உலகம். மடக்கி விரிக்கிற கட்டில், எட்டு இழுப்பறை வைத்த அலுமாரி, ஒற்றை அடுப்பு, நீலத் திரைச்சீலை. பின்பக்கச் சுவரோரம் கை கழுவும் தொட்டி ஒன்று. அதன் மேல் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு குழாய். கட்டிலுக்கு அடியில் அறுபது லீற்றர் தாங்கி. தாங்கியிலிருந்து குழாய்க்குத் தண்ணீரைத் தள்ள ஒரு சிறு பம்ப். அது வண்டிப் பற்றரியில் ஓடும். ரிவர்ஸ்டன் பக்கம் மலை பார்க்கப் போகிறவர்களை அந்த வேனில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போவார். அவர்கள் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்குவார்கள். அவர் தெரிந்த ஒரு வீட்டில் படுத்துக்கொள்வார். அதுதான் அவர் தொழில், அதுதான் அவர் வீடு.

காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அந்தக் குழாயைப் பற்பொடி போட்டுத் துடைப்பது. அலுமாரியில் தூசி இருக்கும். கண்ணாடியில் சேறு இருக்கும். குழாயில் மட்டும் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். ஒரு குழாய்க்கு இவ்வளவா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அதற்கு வந்த பதிலில்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது. அதுவும் கோபத்தில் வந்தது.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பதினான்கு வீட்டுக்கு ஒரே பீலி. மலையூற்றிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக விழும். அதை அங்கே பீலி என்பார்கள். கோடையில் அது நூலாக மெலிந்துவிடும். அந்த நூலுக்கு அடியில் குடத்தை வைத்து நிறையும்வரை நிற்க வேண்டும். ஒன்பது வயதில் அந்த வேலை அவர் தலைக்கு வந்தது. காலையில் ஆறு நடை, பின்னேரம் நாலு நடை. அவரைவிட நாலு வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதற்கும் இவர்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். இவர் மூன்றாம் வகுப்போடு நின்றார். இருபத்திரண்டு வயதுவரை தூக்கினார். நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். பதின்மூன்று வருடம், நாளுக்குப் பத்து நடை, நாற்பத்தேழாயிரத்து நானூற்றைம்பது நடை. சொன்னேன்.

"அது சரியில்ல சேர். வழுக்கி விழுந்து, கொடத்த கொட்டிட்டு, திரும்பப் போன நடைய நீங்க சேக்கல," என்றார்.

அதன் பிறகு கொழும்பில் வீட்டு வேலை, அங்கிருந்து வெளிநாடு. எல்லாமாக இருபத்தாறு வருடம். கடைசியாக வேலை செய்த வீட்டில் பத்தொன்பது குழாய்கள் இருந்தனவாம். பத்தொன்பதையும் துடைத்தது இவர். ஒன்றுகூட இவருடையது இல்லை.

அங்கே இருக்கும்போதே அண்ணனுக்குப் பணம் அனுப்பி வேனை வாங்கச் சொன்னார். அண்ணன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தங்கை நாட்டில் இல்லாததால் வண்டியைத் தன் பெயரில் பதிந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சாமான் ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம், தானும் கூட நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். தங்கை வந்து இறங்கி, பல்லேபொலத் தச்சரைப் பிடித்து, வண்டிக்குள் கட்டிலும் குழாயும் வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இவர் மறக்கவில்லை.

இந்தப் பீலியின் பழக்கம் அவர் கையில் இருந்தது. குழாயை எப்போதும் நூலளவுதான் திறப்பார். கோப்பை கழுவினாலும் நூல், முகம் கழுவினாலும் நூல். குழாயை நூலளவு திறந்தால் கட்டிலுக்கு அடியில் பம்ப் டக் டக் டக் என்று அடிக்கும். எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. இது நல்லதில்லை என்று மூன்று தடவை சொன்னேன். பம்ப் உயிரோடு இருக்கிறதென்று அதற்கு அர்த்தம் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அது செத்துப்போனது. ரிவர்ஸ்டனில், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டிருக்கும்போது. மறுநாள் காலையில் பல் துலக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் பாதியில் இறங்கிப் போனார்கள். போகும்போது வண்டிப் பத்திரத்தில் இருந்த பெயரைப் பார்த்து, நம்பரைத் தேடிப் பிடித்து, அண்ணனுக்கு எடுத்து ஏசினார்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என் வளவில் வந்து நின்றார். நரைத்த மீசை, தேய்த்த வெள்ளைச் சட்டை. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றுகிற ஒருவர் வேனைக் கேட்கிறாராம். கட்டிலையும் தொட்டியையும் பிடுங்கிப் போட்டால் கோவா மூட்டை நாற்பது பிடிக்குமாம். விற்றுவிட்டு, லயத்து வீட்டுக்குப் பின்னால் தங்கைக்கு ஒரு அறை கட்டிக் கொடுக்கிறாராம். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வண்டி அவர் பெயரில் இருந்தது. விற்கிறேன் என்றால் விற்கலாம்.

இவர் வேனின் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பம்ப் கெட்டதற்காகத்தானே விற்கிறீர்கள் என்று. அண்ணன் ஆமாம் என்றார். அப்படியானால் பம்பை மாற்றி, அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்குப் பதிந்திருக்கிற ஆட்களைக் கூட்டிப்போய்க் குறையில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தால் வண்டியை என் பெயருக்கு எழுதிக் கொடுப்பீர்களா என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்நிய மனிதன் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு பயணம். ஒரு கொற வந்தாலும் தம்புள்ளக்காரனுக்கு சாவிய குடுத்துருவேன்," என்றார். போகிறபோது என்னிடம் தாழ்ந்த குரலில், மலை ஏறுகிற வண்டி, நல்ல பெலமான பம்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் என்றார். சின்னப் பம்ப் அந்த உயரத்துக்கு இழுக்காதாம்.

மலைநாட்டில் தண்ணீர் என்றால் எல்லோருக்கும் உயரம்தான் நினைவுக்கு வரும். மேலேயிருந்து வரும், அல்லது மேலே ஏற்ற வேண்டும். வண்டி மலை ஏறினால் தாங்கியும் தொட்டியும் சேர்ந்துதான் ஏறுகின்றன என்பதை அவருக்கு நான் விளக்கவில்லை. விளக்குகிற யோக்கியதை எனக்கும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

செத்த பம்பைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே தானாக நிறுத்தித் தானாக ஓட்டுகிற ஒரு சுவிட்ச். அதன் முனை கருகியிருந்தது. குழாயை நூலளவு திறந்தால் ஹோஸில் அமுக்கம் உடனே ஏறும், சுவிட்ச் நிறுத்தும். அமுக்கம் உடனே இறங்கும், சுவிட்ச் ஓட்டும். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு தடவை அப்படி அடித்து அடித்தே அது கருகியிருக்கிறது. இதை அவருக்குச் சொன்னேன். குழாயை முழுதாகத் திறந்து பழகுங்கோ பிள்ளை, எந்தப் பம்பும் நிலைக்கும் என்றேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கைக்கு ஏத்த பம்ப் பாப்போம் சேர். பம்புக்கு ஏத்த கைய நான் எங்க போயி வாங்குறது?"

அன்று பின்னேரம் நான் கடதாசி எடுத்து உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க நீர்ப்பாசன வேலையில் வரைபடம் போட்டவன். தாங்கியின் அடியிலிருந்து குழாய் வாய்வரை அளந்தேன். மூன்றரை அடி. வண்டி சரிவில் நின்றால்? இரண்டு அடி கூட்டினேன். ஹோஸில் நாலு வளைவு, அதற்கு ஐந்து அடி. பற்றரி இறங்கியிருந்தால்? தாங்கிக்குள் இலை போனால்? குளிரில் ஹோஸ் இறுகினால்? ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு எண் போட்டேன். அடியில் கோடு கிழித்துக் கூட்டியபோது நாற்பத்தொரு அடி வந்தது. கார் கழுவுகிற பெரிய பம்ப்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர் மோட்டர், மருந்து தெளிக்கிற இயந்திரம் எல்லாம் விற்கிற கடை ஒன்று. முதலாளி அறுபது கடந்த முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி, பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை சோதிக்கப்பட்டது. அவர் பம்பின் பெட்டியை எடுத்து வைக்குமுன்பே இவர் வேனிலிருந்து சாமான்களை இறக்கத் தொடங்கினார். வண்டிப் பற்றரி. தொட்டியிலிருந்து கழற்றிய அதே ஹோஸ். துவாயில் சுற்றிய அதே குழாய். இருபது லீற்றர் கேன் இரண்டு, தண்ணீரோடு. வேன் பாதி ரோட்டில் நின்றது. பின்னால் ஏழு முச்சக்கரவண்டிகள் ஹோன் அடித்தன. கொஞ்ச நேரத்தில் ஹோன் நின்றது. சாரதிகள் கடை வாசலில் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

முதலில் நான் எழுதிக் கொடுத்த பம்ப். கேனிலிருந்து இழுத்தது, குழாய்வரை நிறைத்தது. அவர் குழாயை நூலளவு திறந்தார். அது அடித்த வேகத்தை என்னாலேயே எண்ணி முடிக்க முடியவில்லை. எண்பது தாண்டியதும் ஹோஸ் மூட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்பியது. முதலாளியின் பில் புத்தகம், சுவர்க் கலண்டர், என் சட்டை, மூன்றும் நனைந்தன. அவர் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பம்பைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, மேசையில் முதலாளி பக்கமாகத் தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாவது, மருந்து தெளிக்கிற பம்ப். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார் முதலாளி. நிமிடத்துக்கு ஐம்பத்தாறு தடவை அடித்தது. செத்ததன் தம்பி என்றார் இவர். முதலாளியும் நான் சொன்னதையே சொன்னார். குழாயை முழுதாகத் திற தங்கச்சி, சத்தம் நிற்கும். திறந்தார். சத்தம் நின்றது. ஒரு நிமிடத்தில் ஆறு லீற்றர் வாளிக்குள் விழுந்தது. அவர் குழாயை மூடினார். என் தாங்கியில் அறுபது லீற்றர், இப்படித் திறந்தால் பத்து நிமிடம், மலை உச்சியில் மூன்று நாளைக்கு நான் எங்கே போவது என்று கேட்டார்.

வாசலில் நின்ற சாரதி ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பம்ப் வாங்க வந்தீங்களா, இல்ல பம்புக்கு மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளைய இப்படி ஓட்டிப் பாத்து எடுத்திருந்தா பாதிப் பொம்பளைங்க நல்லா இருந்திருப்பாங்க தம்பி," என்றார் இவர், திரும்பாமலே. மற்றச் சாரதிகள் சிரித்தார்கள்.

அப்போதுதான் முதலாளி நல்ல மனதோடு அந்த யோசனையைச் சொன்னார். பம்பே வேண்டாம். வேன் கூரையில் ஒரு தாங்கியை வை. தண்ணீர் தானாக இறங்கி வரும், எவ்வளவு மெல்லியதாகவும் திறக்கலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனை. எனக்கே தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

இவர் முகம் மாறியது. "அந்த தாங்கிய யாரு நெரப்புறது மொதலாளி? நான் கேன தலைக்கு மேல தூக்கி ஊத்தணும். தலைக்கு மேல தண்ணி தூக்குற வேல எனக்கு முடிஞ்சிருச்சு."

மெதுவாகத்தான் சொன்னார். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு இழுப்பறைகளைத் திறக்கத் தொடங்கினார். நாலாவது இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து வைத்தார். டோர்ச் லைட் அளவுதான். அப்படியே தண்ணீருக்குள் இறக்கிவிடுகிற பம்ப். தானாக நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றும் இல்லை. போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். பீப்பாயிலிருந்து டீசல் இறைக்க வாங்குவார்களாம். விளையாட்டுச் சாமான் என்று அவரே சொன்னார்.

நான் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தேன். வேண்டாம் பிள்ளை, இது பத்து அடிக்கு மேல் ஏற்றாது என்றேன்.

"என் பைப்பு எத்தன அடி சேர்?"

"மூன்றரை."

"மிச்சம் ஆறரை அடியில யாரு குடியிருக்கா?"

என் கடதாசி அவர் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

பம்பைக் கேனுக்குள் இறக்கி, ஹோஸை மாட்டி, வயரைக் கொடுத்தார். குழாயை நூலளவு திறந்தார். நூலாகவே விழுந்தது. அடிக்கவில்லை. கேனுக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. குழாயை ஓட ஓட மூடினார். பம்ப் கோபிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. திறந்தார், மறுபடியும் நூல். கேனையும் வாளியையும் மாற்றி மாற்றி வைத்து நாற்பத்தேழு நிமிடம் ஓட்டினார். சாரதிகள் அலுத்துப் போய்விட்டார்கள். முதலாளி மத்தியான லுகர் தொழுகையை முடித்துவிட்டு வந்தார். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கும் ஒரு குறை உண்டு. தண்ணீர் முடிந்த பிறகும் ஓடினால் எரிந்துவிடும். அப்படி எரிந்தால் திருப்பி எடுக்கமாட்டேன் என்றார் முதலாளி. தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை, அதைப் பம்ப் பார்க்கத் தேவையில்லை என்றார் இவர். பிறகு ஒரு கோப்பையில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, மோந்து பார்த்து, முதலாளியிடம் நீட்டினார்.

"டீசலுக்கு செஞ்சதுன்னீங்க. மொதல்ல நீங்க குடிங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கலண்டரைப் பார்த்தேன். அவர் பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். ஒன்றுமில்லை, தண்ணீர்தான் என்றார். இவரும் ஒரு கோப்பை குடித்தார். அதற்குப் பிறகு, இன்னொன்று கொடுங்கள் என்றார், கெட்டால் மாற்ற வைத்துக்கொள்ள. அதையும் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தார்.

பூட்டியது அவரேதான். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். தாங்கியின் அளவு பார்க்க ஒரு மூங்கில் குச்சி. அதில் ஐந்து லீற்றருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெட்டுகளை நான் வெட்டிக் கொடுத்தேன். அந்த வேலையையாவது எனக்குத் தந்தார். போயாவுக்கு முந்தின நாள், நீங்களும் வாங்க சேர் என்றார். அண்ணன் என் சொல்லை நம்பாது, படிச்ச ஆள் ஒருத்தர் கூட இருந்து பார்க்கட்டும் என்றார்.

வந்தவர்கள் கண்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி. ரிவர்ஸ்டனில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். மூடுபனி, காற்று, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முதல் நாள் பதினொரு லீற்றர் போனது. மணிக்கொரு தடவை குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அந்த அம்மா கோப்பைகளைக் கழுவிவிட்டு, குழாயையும் நன்றாகத் திறந்தபடி, சுவிட்சையும் போட்டபடி, கணவரோடு தேயிலைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். இரைச்சல் கேட்டு நான் ஓடினேன். குச்சியில் இரண்டு வெட்டுதான் நனைந்தது. இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் பம்ப் எரிந்திருக்கும்; மாற்ற இன்னொன்று இருந்தாலும் குறை குறைதான், வண்டி தம்புள்ளைக்குப் போயிருக்கும்.

இவர் கையோடு கொண்டுவந்த கேன் தண்ணீரால் தாங்கியை நிரப்பிவிட்டு, அந்த அம்மா திரும்பி வரும்வரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்ததும் நேராகச் சொன்னார். நீங்கள் காசு கொடுத்து வந்தவர்கள், சரி. ஆனால் இந்தச் சுவிட்சை மறந்தால் இந்த வண்டி எனக்கு இல்லை, அதனால் இனிமேல் மறக்கக்கூடாது என்று. அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் கேட்டேன். அவர்கள் அண்ணனிடம் குறை சொல்லிவிட்டால்?

"சொல்லட்டும் சேர். பல்ல காட்டிக்கிட்டு நின்னு பம்ப எரிய விடுறத விட, மொறச்சுக்கிட்டு நின்னு காப்பாத்துறது மேல்."

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் ரத்தோட்டையிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் மடித்த கடதாசி ஒன்று தெரிந்தது. வண்டியைப் பெயர் மாற்றுகிற படிவம் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆசிரியர் தம்பதி சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் போய் விசாரித்தார். அந்த அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று என் நெஞ்சு அடித்ததை நான் எண்ணவில்லை. தண்ணீர் குறையில்லாமல் வந்தது, ஓட்டுகிறவருக்கு வாய்தான் கொஞ்சம் நீளம் என்றார் அந்த அம்மா.

அண்ணன் திரும்பி வந்து முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். படிவத்தை எடுக்கவில்லை. நெற்றியைத் துடைத்தார். ஒரு குறையும் கிடைக்காத மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"தொண்ட காயுது. தண்ணி கொஞ்சம் கொண்டாம்மா," என்றார் அண்ணன். அதட்டல் ஒன்றுமில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகிய வாய்.

இவர் விரிப்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

"உள்ள பைப்பு இருக்கு அண்ணே. நீங்களே தொறந்து குடிச்சுக்கங்க."

பத்தடி தூரம். ஒரு கோப்பைத் தண்ணீர். கையெழுத்து இன்னும் விழவில்லை. கொடுத்துவிட்டால் என்ன? மூன்று நாள் பட்ட பாடு, கடையில் நனைந்த சட்டை, எல்லாம் இந்த ஒரு கோப்பையில் போய்விடுமே என்று நான் எழும்பினேன். நான் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு அடி வைத்தேன்.

"நீங்க உக்காருங்க சேர்."

உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஆசிரியர் தம்பதி பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை விரிப்பை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. அவர் அன்றைக்கு வண்டியை இழந்திருந்தாலும் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோயிருக்க மாட்டார். இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

அண்ணன் எழும்பினார். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியின் படியில் கால் வைத்து, தலையைக் குனிந்து, உள்ளே போனார். சுவிட்ச் எங்கே என்று கேட்டார். வலப்பக்கம் என்றார் தங்கை. அந்த மெல்லிய இரைச்சல் கேட்டது. கோப்பையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் விழுந்தது, ஏனென்றால் அவரும் நூலளவுதான் திறந்திருந்தார். குடித்தார். கோப்பையை அலம்பிக் கவிழ்த்து வைத்தார். சுவிட்சை நிறுத்தினார்.

இறங்கி வந்து, விழுந்த கதிரையை நிமிர்த்தி, படிவத்தை வெளியே எடுத்தார். அவர் பேனாவைத் திறந்ததும் இவர், கொஞ்சம் பொறுங்க என்றார். படிவத்தை வாங்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தார். எந்திர இலக்கத்தை வண்டியின் இலக்கத்தோடு ஒப்பிடச் சொல்லி என்னை அனுப்பினார். இருபத்தாறு நிமிடம். அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வேனோடு அவர் கிழக்குக் கரைப் பக்கம் போய் இரண்டு வருடமாகிறது. அங்கே ஆட்கள் அதிகம் வருகிறார்களாம். என் வளவின் அந்த மூலை காலியாக இருக்கிறது.

அண்ணன் அவ்வளவு பெரிய மனது வைத்துக் கையெழுத்துப் போட்டாரே, அந்தப் பொம்பிளை ஒரு நன்றி சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் இதுவரை நாலு பேர். நாலு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அது அவருடைய வண்டி. எதற்கு நன்றி?